மீமின்தேக்கிகளின் திறன்: கரியின் துளை முக்கியமா, ஒழுங்கின்மை முக்கியமா?

சீனாவின் ஷாங்காய் நகரில் 2006ஆம் ஆண்டு சேவைக்கு வந்த ஒரு வகை மின்பேருந்துகள், நிறுத்தங்களில் நிற்கும் குறுகிய நேரத்திலேயே மின்னேற்றம் பெற்று ஓடின. அவற்றை இயக்கியவை மீமின்தேக்கிகள்.

விரைவாக மின்னேறுவதும், பல லட்சம் முறை பயன்படுத்தினாலும் பெரிதும் தேயாதிருப்பதும் இவற்றின் பலம். ஆனால் இவை சேமிக்கும் ஆற்றல் குறைவு. லித்தியம் அயனி மின்கலங்கள் கிலோகிராமுக்கு 150 வாட்-மணிக்கு மேல் சேமிக்கக்கூடியவை. சந்தையிலுள்ள கரி மீமின்தேக்கிகளோ பொதுவாக 10 வாட்-மணியைக்கூட எட்டுவதில்லை.

இந்த இடைவெளியைக் குறைக்கும் முயற்சியின் மையத்தில் இருப்பது, மின்முனைகளாகப் பயன்படும் நுண்துளைக் கரி. தேங்காய்ச் சிரட்டையிலிருந்து பெருமளவில் தயாராகும் இக்கரியில், ஒரு கிராமின் உட்பரப்பு 1,500 சதுர மீட்டரைத் தாண்டுவதுண்டு. மின்னேற்றும்போது, திரவத்திலுள்ள அயனிகள் அந்தப் பரப்பை ஒட்டி நிற்கின்றன. இதுவே சேமிப்பு.

கரைப்பான் மூலக்கூறுகள் சூழ வரும் அயனிகளால் மிகக் குறுகிய துளைகளுக்குள் நுழைய முடியாது என்றே நீண்டகாலம் கருதப்பட்டது. அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகமும் பிரான்ஸின் துலூஸ் நகர ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வு, இக்கருத்தை மாற்றியது. துளைகள் ஒரு நானோமீட்டருக்கும் குறுகும்போது, அயனிகள் அந்த உறையைக் களைந்து உள்ளே நெருங்குவதாகவும், சேமிப்புத்திறன் கூடுவதாகவும் அது விளக்கியது. அதன்பின் துளையின் அளவே ஆய்வுகளின் இலக்கானது.

ஆனால் பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வணிகரீதியில் கிடைக்கும் பல கரிகளை ஒப்பிட்டு 2024இல் வெளியிட்ட முடிவு வேறுவிதமானது. துளையின் அளவுக்கும் சேமிப்புத்திறனுக்கும் தெளிவான தொடர்பு தென்படவில்லை. கரியிலுள்ள கார்பன் அணுத் தகடுகள் சிறியனவாகவும் ஒழுங்கு குலைந்தும் இருந்தால், சேமிப்பு கூடியது.

இரு முடிவுகளும் நேரடியாக முரண்படுவதாகக் கொள்ளத் தேவையில்லை. 2006ஆம் ஆண்டு ஆய்வில், கரி தயாரிக்கும் வெப்பநிலையை மாற்றியே துளைகளின் அளவு மாற்றப்பட்டது. வெப்பநிலை குறைந்தால் துளைகள் சிறுக்கும். அத்துடன் அமைப்பின் ஒழுங்கும் குறையும். இரண்டில் எது காரணம் என்பதைப் பிரித்தறிவது எளிதல்ல.

உற்பத்தியாளர்களுக்கு இது நடைமுறைக் கேள்வி. துளைகளைச் செதுக்குவதில் மட்டும் செலவிடுவதா, ஒழுங்கின்மையையும் அளந்து கரியைத் தெரிவு செய்வதா என்பதை அவர்கள் தீர்மானிக்க வேண்டியுள்ளது. அதேவேளை, ஒழுங்கு மிகவும் குலைந்தால் கரியின் மின்கடத்துதிறன் பாதிக்கப்படலாம். அவ்வாறு நேர்ந்தால், மீமின்தேக்கிகளின் தனிச்சிறப்பான வேகமே குறைந்துவிடும்.