சிலேட்டர் கிராமங்கள்

சிலேட்டர் கிராமங்கள் என்பது, சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் மாணவர்கள் 1916ஆம் ஆண்டில் ஆய்வு செய்யத் தொடங்கிய தென்னிந்தியச் சிற்றூர்களைக் குறிக்கும் பெயராகும். ஆய்வை வழிநடத்திய பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டரின் பெயரால் இவை அழைக்கப்படுகின்றன. பின்னர் பலமுறை மறு ஆய்வு செய்யப்பட்டமையால், இவ்வூர்கள் தமிழகச் சிற்றூர்ப் பொருளாதாரத்தின் நூற்றாண்டு மாற்றத்தை அறிய உதவும் அரிய சான்றுகளாக விளங்குகின்றன.

பின்னணி

இங்கிலாந்தைச் சேர்ந்த சிலேட்டர் (1864–1938) ஆக்ஸ்போர்டு ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். இங்கிலாந்தின் பொது நிலங்கள் வேலியிடப்பட்டுத் தனியுடைமை ஆனதைப் பற்றி 1907இல் நூல் எழுதினார். 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலின் முதற் பேராசிரியராகப் பொறுப்பேற்றார்.

ஆய்வு முறை

சிலேட்டர் மாணவர்களிடம் வினாப்பட்டியல் ஒன்றைக் கொடுத்து, அவர்கள் நன்கறிந்த ஊர்களை ஆராயச் செய்தார். நிலவுடைமை, பயிர், கால்நடை, கூலி, கடன் முதலியன பற்றிய தகவல்கள் திரட்டப்பட்டு, 1918இல் நூலாக வெளியாயின. அவற்றுள் இன்றைய தமிழ்நாட்டில் உள்ள ஐந்து ஊர்கள் பெரிதும் அறியப்பட்டவை:

• வடமலைபுரம் (விருதுநகர் மாவட்டம்)
• கங்கைகொண்டான் (திருநெல்வேலி மாவட்டம்)
• பாலக்குறிச்சி (நாகப்பட்டினம் மாவட்டம்)
• இருவேல்பட்டு (விழுப்புரம் மாவட்டம்)
• தூசி (திருவண்ணாமலை மாவட்டம்)

படியாள் முறையும் கூலிக் கோட்பாடும்

நுண்பொருளியல் பாடநூல்களின் எளிய மாதிரியில், உழைப்புக்கான தேவையும் அளிப்பும் சமமாகும் நிலையில் கூலி அமைகிறது. குறைந்த கூலி தருபவரை விட்டுத் தொழிலாளி விலகிச் செல்லலாம் என்பது இம்மாதிரியின் எடுகோள் ஆகும். இருவேல்பட்டு போன்ற ஊர்களில் காணப்பட்ட படியாள் முறை இந்த எடுகோளுக்குப் பொருந்தவில்லை. திருமணம் போன்ற செலவுகளுக்கு நிலவுடைமையாளரிடம் கடன் பெற்றவர், அது தீரும்வரை அவரிடமே உழைக்க வேண்டியிருந்தது. கூலி பெரும்பாலும் தானியமாக அளக்கப்பட்டது. கடன் தீராதபோது இப்பிணைப்பு அடுத்த தலைமுறைக்கும் தொடர்ந்தது.

இங்கு கூலியைக் கடனிலிருந்து பிரித்து விளக்க இயலாது. நிலம், கடன், உழைப்பு ஆகியவற்றின் சந்தைகள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதைப் பொருளியல் கோட்பாடு பிற்காலத்திலேயே விரிவாக ஆராய்ந்தது. அமித் பாதுரி 1973இலும், பிரேவர்மன், டி. என். சீனிவாசன் ஆகியோர் 1981இலும் வெளியிட்ட கட்டுரைகள் இத்துறையில் குறிப்பிடத்தக்கவை.

மறு ஆய்வுகள்

பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் ஆகியோரின் மேற்பார்வையில் 1936–37இல் நடைபெற்ற மறு ஆய்வு 1940இல் நூலாக வெளிவந்தது. 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல் சில ஊர்களை ஆராய்ந்தார். மால்கம் ஆதிசேசையா 1971இல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆய்வு நிறுவனம், 1980களில் எஸ். குகன் முதலியோரைக் கொண்டு இப்பணியைத் தொடர்ந்தது. 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் இருவேல்பட்டை மீண்டும் ஆராய்ந்தனர். வேளாண்மை சாராத வேலைகள் பெருகி, நிலவுடைமையாளர்களின் பிடி தளர்ந்திருந்ததை அவர்கள் பதிவு செய்தனர்.

முக்கியத்துவம்

வகுப்பறைப் பயிற்சியாகத் தொடங்கிய இவ்வாய்வு, ஒரே ஊரைத் தலைமுறைகள் கடந்து ஒப்பிடுவதற்குரிய அடிப்படைத் தரவாக மாறியது. கோட்பாட்டின் எடுகோள்கள் எங்கே பொருந்துகின்றன, எங்கே பொருந்தவில்லை என்பதை மாணவர்கள் தம் ஊரிலேயே சோதித்தறியலாம் என்பதற்கு இது முன்னோடி எடுத்துக்காட்டாகும்.