சக்திமான்: கையைத் தூக்கிச் சுற்றிய அந்த ஸ்டைல்... 90ஸ் கிட்ஸ் இன்னும் மறக்காதது ஏன்?

ஒரு கையை மேலே தூக்கணும். விரலை வானத்தைப் பார்த்து நீட்டணும். நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று சுற்றணும். 90ஸ் கிட்ஸ் யாரிடம் இதைச் செய்துகாட்டினாலும் அடுத்த நொடி ஒரே பதில்தான் வரும்: "சக்திமான்!"

தொடர் முடிந்து 20 ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆனாலும் அந்தச் சுற்றும் அந்தப் பேரும் மட்டும் மறையவே இல்லை. அப்படி அதில் என்ன இருந்தது? அதே ஸ்டைலும் பேரும் ஏன் பெற்றோரைப் பயமுறுத்தின? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த சக்திமான்?

1997 செப்டம்பர் 13-ம் தேதி தூர்தர்ஷனில் தொடங்கிய தொடர் 'சக்திமான்'. 2005 மார்ச் 27 வரை ஓடியது. இயக்கியவர் தின்கர் ஜானி. சக்திமானாக நடித்ததோடு தொடரைத் தயாரித்தவரும் முகேஷ் கன்னா.

அதற்கு முன்பே அவர் வீட்டுக்கு வீடு தெரிந்த முகம். பி.ஆர்.சோப்ராவின் 'மகாபாரதம்' தொடரில் வெள்ளைத் தாடியுடன் வந்த பீஷ்மர் அவர்தான். தன் தயாரிப்பு நிறுவனத்துக்கே 'பீஷ்ம் இன்டர்நேஷனல்' என்று பேர் வைத்தவர். ஆக, ஒரு கதாபாத்திரத்தின் பேர் நடிகர் மேல் ஒட்டிக்கொள்வது அவருக்குப் புதுசு இல்லை.

கதை சிம்பிள்தான். யோக சாதனையால் உடம்பின் ஏழு சக்கரங்களையும் எழுப்பி, பஞ்சபூதங்களின் சக்தியைப் பெற்ற ஒருவன், கில்விஷ் என்ற இருட்டின் அரசனை எதிர்த்து நிற்கிறான். இன்னொரு பக்கம் விஞ்ஞானத்தைத் தப்பான வழியில் பயன்படுத்தும் டாக்டர் ஜாக்கால். சித்தர் கதையில் கொஞ்சம், விஞ்ஞானக் கதையில் கொஞ்சம் எடுத்துப் பிசைந்த கலவை.

ஒரே ஆள், ரெண்டு பேர்

சாதாரண நேரத்தில் சக்திமான் ஒரு பத்திரிகை போட்டோகிராபர். துருத்திய பல், சோடாபுட்டிக் கண்ணாடி, அசட்டுச் சிரிப்பு. பேரைக் கேட்டால் மூச்சு வாங்கும்: பண்டிட் கங்காதர் வித்யாதர் மாயாதர் ஓம்கார்நாத் சாஸ்திரி. இதைத் தட்டுத்தடுமாறாமல் ஒரே மூச்சில் சொல்வதே பள்ளிக்கூடத்தில் ஒரு போட்டி.

இந்த நீள பேருக்கு எதிரே நிற்பதுதான் 'சக்திமான்' என்ற நாலெழுத்தோடு ஒரு எழுத்து சேர்ந்த குட்டிப் பேர். கங்காதர் சுற்றினால் சக்திமான். பேரும் மாறும், ஆளும் மாறுவார். எல்லாரும் கேலி செய்யும் ஒருத்தனுக்குள்ளே யாருக்கும் தெரியாத ஒரு வீரன் இருக்கிறான் என்பது கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கும் பிடித்த விஷயமாச்சே!

தமிழ்நாட்டில் இந்தப் பேர் ஒட்டிக்கொண்டது எப்படி?

தேசிய ஒளிபரப்பில் வந்தது ஹிந்தித் தொடர். பல மாநிலத்தவர் அக்கம்பக்கமாகக் குடியிருக்கும் நெய்வேலி டவுன்ஷிப் மாதிரி ஊரிலாவது அர்த்தம் கேட்டுக்கொள்ள ஆள் கிடைப்பார்கள். மற்ற ஊர்களில்? வடக்குத்து ஆனாலும் வாடிப்பட்டி ஆனாலும் பிள்ளைகளுக்கு வசனம் தேவைப்படவில்லை. வில்லன் வருகிறான், யாரோ ஆபத்தில் மாட்டுகிறார்கள், சக்திமான் சுற்றிக்கொண்டே வந்து இறங்குகிறார். இதற்கு எதற்கு மொழி?

பேரும் கை கொடுத்தது. 'மான்' என்ற விகுதி வடமொழியில் 'உடையவன்' என்ற பொருள் தருவது. தமிழில் ஸ்ரீமான், பக்திமான், கல்விமான் என்று ஏற்கெனவே புழங்குவதுதான். அதனால் 'சக்தி உடையவன்' என்ற அர்த்தம் யாரும் சொல்லாமலே புரிந்தது. அதே சமயம் சூப்பர்மேன், ஸ்பைடர்மேன் வரிசையிலும் இந்தப் பேர் காதுக்குப் பொருந்தியது. பாட்டிக்கு அது ஸ்ரீமான் மாதிரி, பேரனுக்கு அது சூப்பர்மேன் மாதிரி!

இன்னொரு தகவல்: தொடர் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்தப் பேர் இந்திய ராணுவத்தில் இருந்தது. ஜெர்மனியின் 'மான்' நிறுவனத்தின் உரிமத்தோடு ஜபல்பூரில் தயாரான ராணுவ லாரிக்குப் பேர் 'சக்திமான்'. அந்த நிறுவனத்தின் பேரும் பேருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள்.

ஸ்டைலின் ரகசியம் என்ன?

மெரூன் நிற உடை, நெஞ்சில் தங்க நிறச் சக்கரம். அந்த உடை எல்லார் வீட்டிலும் கிடைக்காது. ஆனால் சுற்றுவதற்கு என்ன வேண்டும்? ஒண்ணும் வேண்டாம். காசு, பொம்மை, வாள் எதுவும் இல்லாமல் எந்தத் தெருப்பிள்ளையும் சக்திமான் ஆகிவிடலாம். தலை சுற்றிக் கீழே விழுந்தால் சிரித்துவிட்டு மறுபடி எழுந்து சுற்றலாம். அவ்வளவுதான்.

கூடவே, தொடரின் முடிவில் வரும் 'சாரி சக்திமான்' பகுதி. பிள்ளைகள் செய்த தப்பைச் சொல்லி, சக்திமானிடம் மன்னிப்புக் கேட்பார்கள். பின்னர் அது, சின்னச் சின்ன நல்ல பழக்கங்களைச் சொல்லித்தரும் பகுதியாக மாறியது. பல் தேய்க்காத பிள்ளையை மிரட்ட அம்மாக்களுக்கும் ஒரு பேர் கிடைத்தது. டிவிக்குள் இருப்பவர் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், கூப்பிட்டால் கேட்பார் என்ற எண்ணம் பிள்ளைகள் மனதில் வேர் பிடித்தது இப்படித்தான்.

சர்ச்சை என்ன?

இங்கேதான் விஷயம் சீரியஸாகிறது. பிள்ளைகள் உயரமான இடத்திலிருந்து குதித்தார்கள், ஆபத்தில் மாட்டிக்கொண்டால் சக்திமான் காப்பாற்ற வருவார் என்று நம்பினார்கள் என 1990-களின் இறுதியில் செய்திகள் வந்தன. எல்லாச் சம்பவத்துக்கும் தொடர்தான் காரணமா என்ற வாதமும் கூடவே நடந்தது. முகேஷ் கன்னா சக்திமானாகவே தோன்றி, 'நான் செய்வதை நீங்கள் செய்யாதீர்கள்' என்ற பொருளில் பிள்ளைகளை எச்சரித்தார்.

யோசித்துப் பார்த்தால், ரசிகர்களைக் கட்டிப்போட்ட அதே ரெண்டு விஷயம்தான் பயத்துக்கும் காரணம். யாரும் செய்யக்கூடிய ஸ்டைல். யாரும் கூப்பிடக்கூடிய பேர். சுற்றுகிற வரைக்கும் விளையாட்டு. அடுத்த படியாகப் பறக்கலாம் என்று ஒரு குழந்தை நினைத்தால், அங்கே விளையாட்டு முடிந்துவிடுகிறது.

சின்ன வயதில் திரையில் நடப்பதும் நிஜமும் வேறுவேறு என்பது முழுசாகப் பிடிபடாது. 'அதெல்லாம் பொய்' என்று ஒரு வார்த்தையில் முடிப்பதைவிட, எப்படி எடுக்கிறார்கள் என்று காட்டுவது உதவும். நடிகரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, பின்னால் ஒரே நிறத்தில் திரை கட்டிப் படம் பிடிப்பார்கள். வானத்தையும் மேகத்தையும் பிறகுதான் சேர்ப்பார்கள். இப்போது போனிலேயே இந்த மாதிரி பின்னணியை மாற்றிக்காட்ட முடியும். இன்றைக்கு ரீல்ஸ் பார்த்து சாகசம் செய்யும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

பேர் நடிகரை விழுங்கினால்?

இது இந்தியாவில் மட்டும் நடந்தது இல்லை. 1966-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் கூர்மையான காதோடு வந்த ஸ்பாக்கை உலகத்துக்கே தெரியும். நடித்தவர் லியோனார்ட் நிமாய். நடுவிரலையும் மோதிர விரலையும் பிரித்துக் கையைக் காட்டும் அவரது வணக்கம், சின்ன வயதில் யூத ஆலயத்தில் பார்த்த ஆசீர்வாத முத்திரையிலிருந்து அவரே எடுத்துக்கொண்டது. அதற்கும் காசு தேவையில்லை, கை இருந்தால் போதும்!

அந்தப் பேரோடு நிமாய் மல்லுக்கட்டியது தனிக்கதை. 1975-ல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பு 'நான் ஸ்பாக் அல்ல'. 1995-ல் எழுதியதற்குத் தலைப்பு 'நான் ஸ்பாக்'. நடுவே 20 வருஷம்.

முகேஷ் கன்னா நேர் எதிர். பேரை விடவே இல்லை. தூர்தர்ஷனுக்குக் கட்ட வேண்டிய கட்டணம் ஏறிக்கொண்டே போனதால்தான் தொடரை நிறுத்தினேன் என்று பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். 2020 ஊரடங்கில் தொடர் மறு ஒளிபரப்பானது. 2022-ல் சக்திமான் படத்துக்கான அறிவிப்பு வந்தது. அதில் ரன்வீர் சிங் நடிக்கப்போவதாகப் பேச்சு எழுந்தபோது, 2024-ல் வெளிப்படையாகவே எதிர்த்தார். அதே ஆண்டு நவம்பரில் மறுபடி அந்த உடையில் தானே தோன்றும் வீடியோவையும் வெளியிட்டார்.

ரசிகர்களில் ஒரு பகுதி கைதட்டியது. இன்னொரு பகுதி 'போதும் சார், அடுத்தவருக்கு விடுங்க' என்றது. ரெண்டு தரப்புமே ஒரே ஞாயிற்றுக்கிழமைகளின் பிள்ளைகள்தான்.

உடை யாருக்கு என்பதில் சண்டை வரலாம். அந்தச் சுற்று மட்டும் என்றைக்கோ தெருப்பிள்ளைகளுக்குச் சொந்தமாகிவிட்டது. உங்கள் வீட்டுக் குட்டி இப்போது சுற்றினால், கூடச் சேர்ந்து ஒரு சுற்று சுற்றுங்கள். மொட்டை மாடியில் மட்டும் வேண்டாம்!