வயலின் நடுவே ஒரு பொது வழி

ஓர் அமெரிக்கத் தம்பதி விடுமுறையைக் கழிக்க இங்கிலாந்து நாட்டுப்புறத்துக்கு வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். இரு தேசத்தாரும் பேசுவது ஒரே பாஷைதானே, சிரமம் என்ன இருக்கப் போகிறது என்றுதான் அவர்கள் எண்ணியிருப்பார்கள்.

முதல் சங்கடம் சாலையில். இடப்பக்கம் வண்டி ஓட்டுவது நமக்குப் பிறவிப் பழக்கம். அவர்களுக்கோ அது கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு எழுதுவது போல. காட்ஸ்வோல்ட் குன்றுப் பிரதேசத்துக் கிராமச் சாலைகளில் பல, ஒரு வண்டி மட்டும் போகும் அகலமுடையவை. எதிரே டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் பின்னுக்குப் போய் ஒதுங்கத்தான் வேண்டும். விடுதியில் 'முதல் மாடி' என்றால் ஒரு படிக்கட்டு ஏற வேண்டும். அமெரிக்காவில் தரைமட்டத்துக்கே அந்தப் பெயர். பழைய வீடுகளில் வெந்நீருக்கு ஒரு குழாய், பச்சைத் தண்ணீருக்கு ஒரு குழாய். கலந்துகொள்வது முகம் கழுவுகிறவர் பொறுப்பு. கிராமத்து மதுக்கடையான 'பப்'பில் பணியாள் வருவாரென்று மேஜையருகே காத்திருந்தால் பெரும்பாலும் காத்துக்கொண்டேயிருக்க வேண்டியதுதான். எழுந்து போய்க் கேட்டு வாங்கிவர வேண்டும். ஆனால் அங்கே ஒரு பைண்ட் 568 மில்லி. அமெரிக்கப் பைண்ட் 473 மில்லிதான். இந்த ஒரு விஷயத்தில் கணவருக்குப் புகார் இராதென்று நம்புகிறோம்.

இவையெல்லாம் இரண்டு நாளில் பழகிவிடும். அவர்களை உண்மையில் திகைக்க வைப்பது வேறு. கிராமத்து எல்லையில் ஒரு கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி இருக்கிறது. அது காட்டும் திசையில் நடந்தால் யாரோ ஒரு குடியானவரின் கோதுமை வயலுக்கு நடுவே பாதை போகிறது! 'அத்துமீறி நுழையாதே' என்ற பலகைகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் தயங்கி நிற்பது இயல்புதான். சொந்தக்காரர் வந்து அதட்டுவாரோ என்று மனைவி திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். அதட்ட அவருக்கு அதிகாரமில்லை. அது பொது வழி. பாதையை உழுதுவிட்டால் 14 நாளுக்குள் அதை மறுபடி நடக்கும்படி செய்துதர வேண்டியவரும் அவரே. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய வழிகள் சுமார் 1,40,000 மைல் நீளத்துக்கு இருக்கின்றன. நடப்பவர் கடமை, கதவைத் திறந்தால் திரும்பச் சாத்திவிட்டுப் போவது.

இந்தப் பாத்தியதை பிரபுக்கள் மனமிரங்கி வழங்கிய தானம் என்று எவரும் நினைக்க வேண்டாம். வயல் வழிகள் பல, தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் நடந்து நடந்தே நிலைநாட்டியவை. ஆனால் மேட்டு நிலங்களின் கதை வேறு. மான்செஸ்டரின் ஆலைத் தொழிலாளிகள் ஞாயிற்றுக்கிழமை நல்ல காற்றுக்காக ஏற விரும்பிய கிண்டர் ஸ்கௌட் மேட்டை, பிரபுக்கள் காட்டுக்கோழி வேட்டைக்கென்று அடைத்து வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரல் 24-ஆம் தேதி நூற்றுக்கணக்கானவர்கள் ஒன்றுகூடி, தடையை மீறி ஏறினார்கள். காவலாட்களுடன் கைகலப்பு நேர்ந்தது. ஐந்து வாலிபர்கள் சிறை சென்றார்கள். தலைமை வகித்த பென்னி ராத்மனுக்கு அப்போது வயது 20, தண்டனை நான்கு மாதம். வேட்டைப் பறவைக்கு இருந்த மதிப்பு நெசவாளிக்கு இருக்கவில்லை!

1949-இல் வந்த சட்டம் பொது வழிகளைப் படத்தில் குறித்து நிலைப்படுத்த ஏற்பாடு செய்தது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம், மலைமேடுகளிலும் புதர்வெளிகளிலும் பாதையை விட்டு விலகி நடக்கவும் உரிமை தந்தது. 2002-இல், அந்த ஏற்றத்தின் எழுபதாவது ஆண்டு விழாவில், டெவன்ஷயர் பிரபு தம் பாட்டனார் செய்த காரியத்துக்காக மன்னிப்புக் கோரினார்.

ஆயினும் அப்படி இஷ்டம்போல் திரியக்கூடிய நிலம் இங்கிலாந்தில் நூற்றுக்குச் சுமார் 8 பங்குதான். டார்ட்மூர் மேட்டில் கூடாரமடித்து இரவு தங்கும் உரிமையை நில உடைமையாளர் வழக்காட, 2023 ஜனவரியில் ஹைகோர்ட்டு அதை மறுத்தது. அதே ஆண்டு ஜூலையில் அப்பீல் கோர்ட்டு திருப்பித் தந்தது. 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது.