பனியன் பில்லில் இல்லாத உப்பு

ஒரு பனியன் கம்பெனிக்குள் நூலும் மின்சாரமும் ஆட்களும் ஆர்டரும் போகின்றன. பெட்டி பெட்டியாகச் சரக்கு வெளியே வருகிறது. விற்ற பணம் அடுத்த நூலை வாங்குகிறது. நிறுவனத்தை இப்படித் ‘திறந்த அமைப்பாக’ப் பார்த்து 1966-இல் புத்தகம் எழுதினார்கள் அமெரிக்க உளவியலாளர்கள் டேனியல் காட்ஸும் ராபர்ட் கானும். உயிரியலாளர் லுட்விக் ஃபான் பெர்டலான்ஃபி உயிர்களைப் பற்றிச் சொன்னதை நிறுவனத்துக்குப் பொருத்தினார்கள்: வெளியிலிருந்து வரத்து நின்றால் எதுவும் நீடிக்காது.

மேலாண்மைப் பாடத்தில் இது மூன்று கட்டமும் இரண்டு அம்புக்குறியுமாக முடிந்துவிடும். திருப்பூரில் முடியவில்லை.

பருத்தித் துணியில் சாயம் ஏற, தொட்டியில் உப்பைக் கொட்ட வேண்டும். சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கும். உப்பு தங்காது, அலசிய தண்ணீரோடு போய்விடும். சாயப்பட்டறையின் பில்லில் துணி மட்டுமே இருந்தது. உப்புத் தண்ணீர் நொய்யல் ஆற்றில் இறங்கி, பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. அணையைத் திற என்று கேட்க வேண்டிய விவசாயிகள், திறக்காதே என்றார்கள்.

வெளியே விட்டதன் விளைவு திரும்பி வந்து சேர்வதைப் பின்னூட்டம் என்கிறது இந்தக் கோட்பாடு. சாயம் பிசகினால் அது உடனே வரும். வாங்குபவர் சரக்கைத் திருப்பிவிடுவார். ஆற்றின் பின்னூட்டம் சுற்றி வந்தது. நிலத்தடி நீர் கெட, பட்டறைகள் லாரித் தண்ணீர் வாங்கின. அது செலவுக் கணக்கோடு நின்றுபோனது. அடுத்து, ஆயக்கட்டு விவசாயிகளின் வழக்கு. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்று 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடவே உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்டவை நின்றன. துணி சாயத்துக்காக வெளியூர்களுக்கு லாரி ஏறியது.

பழியைப் பட்டறைக்காரர் தலையில் மட்டும் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. விலையை அடித்துப் பேசிய வெளிநாட்டு பிராண்டுகளும் அந்தச் சுற்றில் இருந்தவைதான். அவை தந்த விலையில் ஆற்றுக்குப் பங்கு வைக்கப்படவில்லை.

இப்போது பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வுகள் தண்ணீரைப் பிரிக்கின்றன. மிச்சத்தைக் காய்ச்சி, உப்பை எடுத்து, மறுபடி சாயத்தொட்டிக்கு அனுப்புகிறார்கள். அதற்கான நீராவியும் மின்சாரமும் புதிய வரத்து, புதிய செலவு. பிரிக்க முடியாத கலப்பு உப்பு நிலைய வளாகங்களிலேயே மூட்டைகளாகச் சேர்ந்தது.