நேயர் விருப்பம்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மெஸ். எதிர் இலைக்காரர் மூன்றாம் முறையாகக் காரக்குழம்பு கேட்டார். வாளியோடு வந்த பையன் "நேயர் விருப்பம்!" என்று சொல்லி ஊற்றிவிட்டுப் போனான். வயது இருபதுதான் இருக்கும். பிடித்த பாட்டைப் போடச் சொல்லி வானொலி நிலையத்துக்கு அட்டை எழுதிப் போட்ட தலைமுறை இல்லை. சொல் மட்டும் எப்படியோ அவனிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

நாங்கள் எழுதிப் போட்டோம். 80-களில் அஞ்சலட்டை 15 காசு. திருச்சி வானொலிக்கு அது போதும். கொழும்புக்கு வெளிநாட்டுத் தபால் கட்டணம் என்பதால் இலங்கை வானொலியைக் கேட்பதோடு சரி. அதன் அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவுக்கும் அப்துல் ஹமீதுக்கும் காசு செலவில்லாத ரசிகர்கள் நாங்கள்.

அட்டையில் பாட்டும் படமும் ஒரே வரி. மிச்ச இடமெல்லாம் ஆட்கள். அப்பா, அம்மா, சின்னத்தை, எதிர்வீட்டு அக்கா, இன்னும் பெயர் வைக்காத குழந்தைக்கு 'பாப்பா'. கடைசியில் மறக்காமல் 'கள்ளக்குறிச்சி, தென்னாற்காடு மாவட்டம்'. பாட்டு கேட்காமலேயே வாரத்துக்கு நாலு தடவை வரும். எங்களுக்கு வேண்டியிருந்தது பெயர். அறிவிப்பாளர் இரண்டு பெயரைச் சொல்லி 'மற்றும் பலர்' என்று முடித்த அன்று, அந்தப் பலரில் ஒருத்தியான சின்னத்தை ராத்திரி சாப்பிடவில்லை.

நேயம் என்றால் அன்பு. மனிதநேயத்தில் இருக்கும் அதே நேயம். வாசகர், பார்வையாளர் எல்லாம் செய்கிற வேலையால் வந்த பெயர்கள். கேட்கிறவரை நேயர் என்றழைக்க எவருக்கோ தோன்றியிருக்கிறதே, நல்ல மனசுக்காரர். விருப்பம் என்னவோ அட்டை போட்டவருடையது. பிடிக்காதவர்களும் சேர்ந்துதான் கேட்டாக வேண்டும்.

அப்போது கல்வராயன் மலையில் கரண்ட் எட்டாத வீடுகளில் டிரான்சிஸ்டர்தான். செல் தளர்ந்தால் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவார்கள். புது செல் வாங்க யாராவது கீழே இறங்க வேண்டும்.

இப்போது கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் பஸ்ஸில் சீட்டுக்கு ஒரு பாட்டு. கொண்டை ஊசி வளைவில் சிக்னல் போனால் செல்போனில் வட்டம் சுற்றுகிறது. டிரைவரின் பென் டிரைவ் மட்டும் விடாமல் பாடுகிறது. யூடியூபில் ஒரு பாட்டை எத்தனை கோடி முறை பார்த்தார்கள் என்பது தெரிகிறது. யாரும் யாருக்காகவும் கேட்கவில்லை.

பழைய அட்டையின் வாரிசான துண்டுச்சீட்டு கல்யாண மண்டபத்தில் இருக்கிறது. முகவரியில் 1993-ல் விழுப்புரம் மாவட்டம் ஏறி, 2019-ல் கள்ளக்குறிச்சியே மாவட்டமாகிவிட்டது. துண்டுச்சீட்டு எழுதுகிற கை மாறவில்லை. சங்கராபுரத்தில் ஒரு வரவேற்பில் பாடகர் சீட்டை விரித்தார். "நேயர் விருப்பம்! மாப்பிள்ளையின் நண்பர்கள்..." என்று இரண்டு பெயரைப் படித்துவிட்டு "மற்றும் பலர்" என்றார்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "எல்லார் பேரையும் படிங்கண்ணே!"