பட்டு நெய்கிறவர் பவுத்தம் பயிலலாமா?

ஆரணி:

தறிச் சத்தத்தோடு விடிகிற ஊர் ஆரணி. இங்கே ஒருவருக்குப் பவுத்தம் பயில ஆசை வந்தால், முதல் படியிலேயே ஒரு கேள்வி காலை இடறும்.

கொல்லாமை பவுத்தத்தின் முதல் சீலம். பட்டுநூலோ கூட்டுக்குள் இருக்கும் புழு செத்த பிறகுதான் கிடைக்கிறது. பூச்சி கூட்டைத் துளைத்து வெளியே வந்தால் இழை துண்டு துண்டாகிவிடும். அதற்கு முன்பே கூடுகளை அவித்துவிடுகிறார்கள்.

அப்படியானால் நம்ம பிழைப்பு?

புத்தர் காலத்து வழக்கு

இது பழைய வழக்கு. ஆளவி என்ற ஊரில் பட்டு எடுப்பவர்களிடம் பிக்குகள் சிலர் போய், தங்களுக்கும் கூடுகளை அவித்துப் பட்டு தரும்படி நச்சரித்தார்களாம். பெண்டாட்டி பிள்ளைகளைக் காப்பாற்ற நாம் செய்கிற பாவம் போதாதா, இவர்களுக்கு வேறா என்று தொழிலாளிகள் பொருமினார்கள். விஷயம் புத்தர் காதுக்குப் போனது. பட்டு கலந்த விரிப்பு செய்யக்கூடாது என்று தடை போட்டார்.

தடை பிக்குகளுக்குத்தான். இல்லறத்தார் விடவேண்டிய வியாபாரங்கள் 5: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, விஷம். இதில் நெசவு இல்லை. அப்படியும் மனசு உறுத்தினால், பூச்சி பறந்த பிறகு நூற்கும் பட்டும் உண்டு.

எப்படித் தொடங்குவது?

புத்தம், தம்மம், சங்கம் என மூன்று சரணம். கொலை, களவு, தகாத உறவு, பொய், போதை இவற்றை விலக்கும் ஐந்து சீலம். இவை யாரோ இட்ட கட்டளை அல்ல. நாமே ஏற்கும் பயிற்சி. இன்று தவறினால் நாளை மறுபடி.

தினம் பத்து நிமிடம் உட்கார்ந்து மூச்சைக் கவனியுங்கள். மனம் ஓடத்தான் செய்யும். இழை அறுந்தால் யாரும் தறியை உடைப்பதில்லை. முடிச்சுப் போட்டுத் தொடர்கிறோம். அதேதான் இங்கும்.

படிக்க, டாக்டர் அம்பேத்கரின் "புத்தரும் அவர் தம்மமும்" (1957) தமிழிலும் உண்டு. பண்டிதர் அயோத்திதாசர் 1898-ல் இலங்கை சென்று பவுத்தம் தழுவியவர். "ஒரு பைசாத் தமிழன்" என்று 1907-ல் வார இதழ் தொடங்கித் தமிழிலேயே பவுத்தம் சொன்னவர். அவருடைய "ஆதிவேதம்" புத்தர் வரலாறு சொல்கிறது.

தியானம் முறையாகப் பயில, சென்னை அருகே திருமுடிவாக்கத்தில் 10 நாள் விபாசனா முகாம் நடக்கிறது. கட்டணம் இல்லை. யாரோடும் பேசக்கூடாது. மதம் மாறவும் சொல்வதில்லை. காசு கொடுத்தால் ஞானம் தருகிறேன் என்று யாராவது வந்தால், உஷார்!

முதல் சீலத்தில் தயங்கி நிற்பவர்கள் ஐந்தாவதில் இருந்து ஆரம்பிக்கலாமே. கூலி வாங்கிய அன்று டாஸ்மாக் பக்கம் திரும்பாமல் வீட்டுக்குப் போனால், அன்றைக்கே முதல் பாடம் முடிந்தது!