வர வேண்டிய பணத்தைக் காலம் கடக்குமுன் கேட்போம்

2016 ஆம் ஆண்டு மே 17 ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. யட்டியாந்தோட்டைக்கு அண்மையிலுள்ள புலத்கொகுபிட்டியவிலும் அன்றே மண்சரிவு உண்டாகி உயிர்களைப் பலிகொண்டது. இப்படிப்பட்ட வேளைகளில் வீட்டையும் நிலத்தையும் விட்டு வருகிறவர்கள், கடைக்குக் கொடுத்த மிளகின் விலை, அயலவருக்குக் கொடுத்த கைமாற்று ஆகியவற்றையும் விட்டுவிட்டு வருகிறார்கள். "கோடு கச்சேரி என்று ஏறி இறங்க யாரால் முடியும்?" என்று அவற்றைக் கைவிட்டும் விடுகிறார்கள். கைவிட வேண்டியதில்லை என்பதை இங்கு விளக்க விரும்புகிறோம்.

காலம் காத்திராது

முதலில் அறியவேண்டியது காலவரையறை. 1871 ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டத்தின்படி, விற்றுக் கொடுத்த பொருளின் விலைக்கும் செய்த வேலையின் கூலிக்கும் 1 ஆண்டுக்குள் வழக்கிட வேண்டும். எழுத்தில்லாத கடனுக்கு 3 ஆண்டு. எழுத்தில் உள்ள ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டு. ஆகவே இரண்டு வரியாயினும் எழுதி, திகதியிட்டுக் கையொப்பம் வாங்குவது எவ்வளவு பயனுள்ளது பாருங்கள்!

முதலில் மத்தியஸ்த சபை

1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டத்தின்படி, குறித்த தொகைக்கு உட்பட்ட பணப் பிணக்குகளை முதலில் மத்தியஸ்த சபைக்கே கொண்டுசெல்ல வேண்டும். ஆரம்பத்தில் 25,000 ரூபாவாக இருந்த அத்தொகை பின்னர் பலமுறை உயர்த்தப்பட்டது. இன்றைய தொகையைப் பிரதேச செயலகத்தில் கேட்டறியுங்கள்.

செய்ய வேண்டியவை:

1. யார், எவ்வளவு, எப்போது தரவேண்டும் என எழுதி, பதிவுத் தபாலில் மறுதரப்பாருக்கு அனுப்புங்கள். பிரதியையும் தபால் பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

2. நிறுவைத் துண்டு, பற்றுச்சீட்டு, தொலைபேசிச் செய்தி என எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள். எல்லாம் மண்ணோடு போயிருந்தால், கொடுக்கல் வாங்கலைக் கண்டவர்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. மறுதரப்பார் வசிக்கும் பிரதேசத்தின் மத்தியஸ்த சபைத் தலைவரிடம் எழுத்தில் விண்ணப்பியுங்கள். நீங்கள் இன்று வேறிடத்தில் தங்கியிருப்பது இதற்குத் தடையல்ல.

4. குறித்த நாளில் தவறாது செல்லுங்கள். சபை பெரும்பாலும் வார இறுதியில் கூடும். சட்டத்தரணிகள் அங்கு வாதாட முடியாது. எனவே அந்தச் செலவும் இல்லை.

மத்தியஸ்தர்கள் தீர்ப்புக் கூறுவதில்லை. இரு பக்கத்தையும் கேட்டு இணங்கவைக்க முயல்வார்கள். தவணை முறையில் தர மறுதரப்பார் உடன்பட்டால், ஒவ்வொரு தவணையின் திகதியையும் தொகையையும் எழுதச் சொல்லுங்கள். விளங்காத எதிலும் கையொப்பமிடாதீர்கள். இணக்கம் மீறப்பட்டால் சபைக்கு மீண்டும் அறிவியுங்கள்.

அதன்பின் நீதிமன்றம்

இணக்கம் ஏற்படாவிட்டால், இணக்கமின்மைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். சபைக்குச் செல்ல வேண்டிய பிணக்காயின், அச்சான்றிதழ் இன்றி நீதிமன்றம் வழக்கை ஏற்காது. சிறு கோரிக்கை நீதிமன்றங்களுக்கென 2022 இல் ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. உங்கள் கோரிக்கை எந்த நீதிமன்றத்துக்கு உரியது என்பதை ருவன்வெல்லை நீதிமன்றப் பதிவாளரிடம் கேளுங்கள்.

"எல்லாம் சிங்களத்தில் நடக்குமே" என்று அஞ்ச வேண்டாம். அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரையின்படி, தமிழில் வழக்கிடவும் மனுக்களைத் தமிழில் கொடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. நடவடிக்கைகளை மொழிபெயர்த்துத் தருமாறும் கேட்கலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள், 1978 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

தோட்டச் சம்பளம், ஊழியர் சேமலாப நிதி பற்றிய முறைப்பாடுகளுக்கு வழி வேறு. அவற்றைத் தொழில் திணைக்களத்திடம் கொடுங்கள்.

தொகை சிறிதென்று எண்ணாதீர்கள். புதிய இடத்தில் முதல் நாற்றும் மண்வெட்டியும் வாங்க அந்தப் பணமே உதவக்கூடும். இன்றிரவே குடும்பத்தினர் ஒன்றாக அமர்ந்து, வர வேண்டியவற்றை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். எதற்குக் காலம் முடியப்போகிறதோ அதை முதலில் கேளுங்கள்.